தவழ்ந்து கடந்த எல்லைக்கோடு



வலியைத் தாங்கினால்தான் வெற்றி என்று விளையாட்டுத் திடல்களில் அடிக்கடி சொல்வார்கள். சரிதான். ஆனால், எல்லா வலியையும் தாங்கிவிடலாமா? இதற்கு விடை தேட, அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளுக்குத்தான் போக வேண்டும்.

'அயர்ன்மேன்' என்னும் நெடுந்தூர டிரையத்லான் போட்டி 1978இல் அங்குதான் பிறந்தது. கடலில் 3.8 கிலோமீட்டர் நீந்த வேண்டும். உடம்பின் ஈரம் காய்வதற்குள் சைக்கிளில் ஏறி 180 கிலோமீட்டர் மிதிக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு முழு மாரத்தான், 42 கிலோமீட்டர் ஓட்டம்! முதலாம் ஆண்டு புறப்பட்டவர்கள் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர். நமது லங்காவித் தீவிலும் 2000ஆம் ஆண்டில் இதே தூரத்தில் இந்தப் போட்டி தொடங்கியது.

1982 பிப்ரவரியில் ஹவாயின் கோனா நகரில் நடந்த போட்டியில் ஜூலி மாஸ் என்ற 23 வயது கல்லூரி மாணவி கலந்துகொண்டார். பேர் பெற்ற வீராங்கனை அல்லர். உடற்பயிற்சி பற்றிய தமது பட்டப்படிப்பு ஆய்வுக்காக வந்தவர். ஆனால், பெண்கள் பிரிவில் அவரே முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தார். எல்லைக்கோடு கண்ணில் தெரிகிற தூரத்தில் கால்கள் மடங்கின. விழுந்தார், எழுந்தார், மறுபடியும் விழுந்தார். தூக்கிவிட நீண்ட கைகளையும் விலக்கினார். பிறர் உதவியால் கோட்டைக் கடந்தால் தகுதி போய்விடுமே!

அந்த நேரத்தில்தான் கேத்லீன் மெக்கார்ட்னி அவரைத் தாண்டி ஓடி முதலிடத்தைப் பிடித்தார். தாம் வென்றதே அவருக்கு உடனே தெரியவில்லை. ஜூலி கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்ந்துபோய்க் கோட்டைத் தொட்டார். வித்தியாசம் 29 விநாடி. தொலைக்காட்சியில் அந்தக் காட்சி ஒளிபரப்பானதும் போட்டியின் பெயர் எங்கும் பரவியது. பின்னாளில் கோனாவில் ஆறு முறை வென்ற மார்க் ஆலன், அதைப் பார்த்துத்தான் இந்தப் போட்டிக்கே வந்தார். வென்றவரைவிடத் தோற்றவர் அதிகம் நினைவில் நிற்பது விளையாட்டில் அபூர்வம்.

அந்தக் கால்கள் ஏன் மடங்கின? மனவுறுதி குறைந்ததால் அல்ல. தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்த சர்க்கரைச் சத்து சில மணி நேர உழைப்பில் தீர்ந்துவிடும். போகிற வழியிலேயே உண்டும் குடித்தும் ஈடுகட்ட வேண்டும். வியர்வையில் உப்பும் போகிறது. அதற்காக வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்தாகலாம். தொடை எரிவது, கால் கனப்பது எல்லாம் இந்தப் போட்டியில் சகஜம். நெஞ்சு வலி, மனக்குழப்பம், ஒரே இடத்தில் ஊசி குத்துவது போன்ற கூர்மையான வலி இவை வேறு ரகம். அங்கே நிற்கத்தான் வேண்டும்.

இதற்குப் பாலா நியூபி-ஃபிரேசரைவிட நல்ல சாட்சி இல்லை. 1995க்குள் கோனாவில் ஏழு முறை வென்றிருந்த அவரே, அந்த ஆண்டு முன்னணியில் ஓடும் அவசரத்தில் உணவும் தண்ணீரும் கொடுக்கும் இடங்களில் நிற்காமல் போனார். எல்லைக்கோட்டுக்குச் சற்று முன்னால் தள்ளாடிச் சரிந்தார். கேரன் ஸ்மயர்ஸ் தாண்டிச் சென்று வென்றார். பாலா தவழவில்லை. காலணிகளைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாலையிலேயே படுத்துவிட்டார். இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. தண்ணீர் குடித்தார், உடம்பு தெளிந்தது. எழுந்து, வெறுங்காலோடு நடந்தே போய் நான்காவதாக முடித்தார்.

ஜூலியின் தவழலுக்குக் கிடைத்த கைதட்டல் இந்த இருபது நிமிடத்துக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும். மறு ஆண்டு, 1996இல், அவர் அதே சாலைக்கு வந்து எட்டாவது முறையாக வென்றார்.