மூச்சுத் திணறும் பிள்ளையும் பயின்ற கையும்

(எமது மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



குழந்தைகளுக்கான அதிதீவிர சிகிச்சையைப் பற்றியும், அதற்கு வைத்தியரும் தாதியரும் எவ்வாறு பயிற்றப்படுகின்றனர் என்பதைப் பற்றியும் இன்று பேச எடுத்துக்கொண்டோம். "தோட்டத்து டிஸ்பென்சரியிலே மருந்துக்கே பஞ்சம், இதற்குள் அதிதீவிர சிகிச்சையா?" என்று பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதிதீவிர சிகிச்சை என்றதும் விலையுயர்ந்த இயந்திரங்களே நம் மனக்கண்ணிலே தோன்றுகின்றன. ஆனால் இத்துறை பிறந்த கதையைக் கேட்டால், அது இயந்திரத்திலே பிறக்கவில்லை என்பது விளங்கும்.

1952-ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகரமாகிய கோபன்ஹேகனிலே இளம்பிள்ளைவாதம் கொள்ளை நோயாய்ப் பரவியது. பிளெக்டம் வைத்தியசாலைக்கு நாள்தோறும் நோயாளர் வந்து குவிந்தனர். அவர்களிலே பெரும்பாலானோர் பிள்ளைகள். நோய் மார்புத் தசைகளையும் தொண்டையையும் முடக்கிவிட, மூச்சுவிட இயலாது மடிந்தனர். அங்கிருந்தவை ஒரேயொரு இரும்புச் சுவாசப் பெட்டியும், மார்பின்மேல் கவிழ்க்கும் சிறு கருவிகள் ஆறுந்தான். முதல் மூன்று வாரங்களில் அக்கருவிகளால் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்தனர்.

அப்போது பியோன் இப்சன் என்ற மயக்கமருந்து வைத்தியர் அழைக்கப்பட்டார். ஆகஸ்டு 27-ஆந் திகதி, 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையிலே துளையிட்டுக் குழாய் செருகப்பட்டது. இப்சன் அக்குழாயிலே ரப்பர்ப் பையொன்றை மாட்டிக் கையால் அமுக்கி மூச்சைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். ஆனால் ஏனைய பிள்ளைகளுக்கு என்ன செய்வது? ஒவ்வொரு கட்டிலருகிலும் பையை அமுக்க ஒருவர் வேண்டும். இரவும் பகலும், வாரக்கணக்கில் வேண்டும். ஏறக்குறைய 1500 வைத்திய மாணவர்கள் முறைவைத்து வந்து அமர்ந்தனர். இங்கே கூடியிருக்கும் இளைஞர்களின் வயதினர்தாம் அவர்கள். நூற்றுக்கு 87 என்றிருந்த சாவு, அக்கொள்ளை நோய் ஓயுமுன் ஏறக்குறைய 25 ஆகத் தாழ்ந்தது. கைகளே அங்கு இயந்திரமாயின. மூன்றாண்டு கழித்து, 1955-இல், சுவீடனின் கோத்தன்பர்க் நகரிலே கோரான் ஹக்லுண்ட் என்பார் குழந்தைகளுக்கென்றே தனியான தீவிர சிகிச்சைப் பிரிவை ஆரம்பித்தார்.

ஏன் குழந்தைக்குத் தனிப் பிரிவு? குழந்தை என்பது சிறிய உருவிலுள்ள பெரிய மனிதனன்று. அதன் மூச்சுக் குழாய் மிக ஒடுங்கியது. பெரியவருக்கு வெறும் தடிமனாய் முடியும் வீக்கம் பச்சிளங் குழந்தைக்கு உயிராபத்தாகும். மருந்தெல்லாம் நிறைக்கு ஏற்ப அளக்கப்பட வேண்டும். இன்னொன்று: குழந்தையின் உடல் கடைசி வரை சமாளித்து நிற்கும். இதயத் துடிப்பை விரைவாக்கி, கைகால்களைக் குளிரவிட்டு, இரத்த அழுத்தத்தைக் காத்துக்கொள்ளும். பின்னர் திடீரென்று சரிந்துவிடும். அழுத்தம் குறைந்த பின் கண்டுபிடிப்பவர் மிகவும் பிந்திவிட்டார். சரிவதற்கு முன்னுள்ள அந்த ஒருமணி நேரத்தை இனங்காணும் கண்ணைப் பெறுவதுதான் இத்துறையிலே பயிற்சி எனப்படுவது.

கருவியின் பெருமை எவ்வளவு, பயிற்சியின் பெருமை எவ்வளவு என்பதை அண்மைக்கால ஆராய்ச்சிகள் இரண்டு நன்கு காட்டுகின்றன. வங்காளதேசத்துத் தலைநகர் டாக்காவிலே முகம்மது ஜோபாயர் சிஷ்தி என்னும் வைத்தியர், நியூமோனியாவால் மூச்சுத் திணறும் பிள்ளைகளுக்காக ஒரு மலிவான உபாயத்தைக் கையாண்டார். பிள்ளையின் மூக்கிலே ஒட்சிசன் குழாய். அது வெளிவிடும் மூச்சு, வெறும் ஷாம்பு போத்தலிலே ஊற்றிய தண்ணீருக்குள் அமிழ்ந்த குழாய் வழியாகக் குமிழியிட்டு வெளியேறும். அந்தத் தண்ணீரின் அழுத்தம் நுரையீரலின் சிற்றறைகள் மூடிவிடாமல் தாங்கி நிற்கும். அவ்வளவுதான் சூட்சுமம். 2015-இல் வெளியான அவ்வாய்விலே, சாதாரண முறையில் சிறிதளவு ஒட்சிசன் பெற்ற பிள்ளைகளில் நூற்றுக்கு 15 பேர் இறக்க, இம்முறையில் இறந்தோர் நூற்றுக்கு 4 பேரே.

கேட்டவுடன், நாளைக்கே நமது ஊருக்கும் இரண்டு போத்தல் வாங்கி வைப்போம் என்று தோன்றும். சற்றுப் பொறுங்கள். ஆபிரிக்காவிலே மலாவி நாட்டின் மாவட்ட வைத்தியசாலையொன்றிலும் இதே குமிழி முறை சோதிக்கப்பட்டது. 2019-இல் முடிவு வெளிவந்தது. குமிழிமுறை பெற்றோரில் நூற்றுக்கு 17 பேர் இறந்தனர். சாதாரண ஒட்சிசன் பெற்றோரில் 11 பேர். அப்பிள்ளைகள் போஷாக்கின்மையாலும் வேறு நோய்களாலும் நலிந்தவர்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் பெரிய வேறுபாடொன்று இருந்தது. டாக்காவிலே தேர்ந்த வைத்தியரும் தாதியரும் கட்டிலருகே இருந்தனர். மலாவியிலே வைத்தியரின் நாளாந்த மேற்பார்வை இருக்கவில்லை.

பணக்கார நாடுகளிலே எழுதிய விதிகளை அப்படியே நாம் ஏற்கலாமா என்பது மற்றொரு கேள்வி. நோய்க்கிருமி இரத்தத்திற் பரவி அதிர்ச்சியுற்ற பிள்ளைக்குச் சேலைனை வேகமாக ஏற்ற வேண்டும் என்பது நெடுங்கால விதி. சென்னை எழும்பூர்க் குழந்தைகள் வைத்தியசாலையிலே டாக்டர் இந்துமதி சந்தானம் குழுவினர் இதைச் சோதித்து 2008-இல் வெளியிட்டனர். வேகமாக ஏற்றியதால் அதிகம் பேர் பிழைக்கவில்லை. ஈரல் வீங்குதல் மட்டும் அதிகமாயிற்று. 2011-இல் கிழக்காபிரிக்காவிலே 3141 பிள்ளைகளிடம் நடந்த பேராய்வோ, வேகமாக ஏற்றிய இடத்தில் சாவே கூடியது என்று காட்டியது: 7.3-க்குப் பதில் 10.6. சுவாச இயந்திரமில்லாத ஊர்களுக்கு இது பெரும் பாடம். எழும்பூர் வைத்தியசாலையின் நெரிசலை அறிந்தவர்கள், அந்த நெரிசலுக்கு நடுவே ஓர் ஆராய்ச்சியா என்று வியப்பார்கள்.

நமது நாட்டுக்கு வருவோம். 2009-இல் இலங்கையிலே 35,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சல் கண்டது. 346 பேர் இறந்தனர். நூற்றுக்கு ஒருவர் வீதம். நம் வைத்தியர்கள் பாங்கொக் நகரத்துச் சிரிகித் அரசி குழந்தைநல நிறுவனத்துக்குச் சென்று பயின்று வந்தனர். புதிய வழிகாட்டி நூல் எழுதப்பட்டது. வைத்தியசாலைகளிலே டெங்கு நோயாளருக்கெனத் தனிக் கவனிப்புப் பிரிவுகள் எழுந்தன. அங்கே நடந்தது என்ன? மணிக்கொருமுறை நாடி பார்த்தல், இரத்த அழுத்தத்தின் மேலெண்ணுக்கும் கீழெண்ணுக்குமுள்ள இடைவெளியைக் குறித்தல், சிறுநீரை அளத்தல், விரலிலே ஒரு துளி இரத்தம் எடுத்து அதன் செறிவைப் பார்த்தல். எல்லாம் ஒரு தாளிலே பதியப்படும். 2017-இல் 186,000 பேருக்கு மேல் நோய் கண்ட பெருங் கொள்ளையிலுங்கூட, இறந்தோர் வீதம் 2009-இல் இருந்ததில் பாதிக்கும் கீழே நின்றது. நுவரெலியாக் குளிரிலே டெங்கு குறைவென்று நாம் அசட்டையாயிருக்க வேண்டாம். கொழும்புக் கடைகளிலே வேலை செய்யும் நம் பிள்ளைகள் தீபாவளிக்கு வரும்போது காய்ச்சலும் கூட வருவதுண்டு.

மலைநாட்டின் நிலை தனியானது. 2016-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றிய ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதியிலே 32 பேர். குன்றிய பிள்ளை நியூமோனியாவோடு போராட வலுவற்றது. லயக் காம்பராவின் விறகடுப்புப் புகை அந்த நெஞ்சை மேலும் கெடுக்கிறது. உயரமும் ஒரு காரணம். 6000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவிலே காற்றின் அழுத்தம் கடலோரத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கே. விரலிலே மாட்டி இரத்தத்து ஒட்சிசனைக் காட்டும் சிறு கருவி, இங்கு நலமுள்ள பிள்ளைக்கும் சற்றுக் குறைவான எண்ணையே காட்டும். எந்த எண்ணில் ஒட்சிசன் கொடுக்கத் தொடங்குவது என்பதை மலைநாட்டுப் பிள்ளைகளைக் கொண்டே ஆராய்ந்து அறிதல் நல்லது. நம்மவர் ஒருவர் வைத்தியராகி இதை எடுத்துக்கொள்ளலாமே!

டிக்கோயாவிலே இந்திய உதவியுடன் கட்டிய 150 கட்டில் வைத்தியசாலை 2017 மே 12-ஆந் திகதி இந்தியப் பிரதமரால் திறந்துவைக்கப்பட்டது. கட்டிடம் கிடைத்தது பேறுதான். ஆயினும் மிகக் கடுமையான நோயுற்ற பிள்ளையைப் பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்ப நேர்ந்தால், அட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து இறங்க வேண்டும். அந்த வண்டியிலே பிள்ளையின் அருகிலிருப்பவர் யார், ரப்பர்ப் பையைப் பிடிக்கத் தெரிந்தவரா என்பதிலே உயிர் தங்கியிருக்கிறது. அதிதீவிர சிகிச்சை பேராதனையிலே தொடங்குவதில்லை. பிள்ளையை முதலில் பார்க்கும் இடத்திலேயே தொடங்குகிறது.

பாஷையையும் சொல்லாமல் விடமாட்டோம். "பிள்ளை பால் குடிக்க மாட்டேங்குது, துவண்டு கிடக்குது" என்று தாய் சொல்லும் வார்த்தையிலே நோயின் பாதி விபரம் இருக்கிறது. கேட்கும் தாதிக்குத் தமிழ் விளங்காவிட்டால் அந்தப் பாதி போய்விடும். தமிழ் தெரிந்த தாதியர் மலையகத்து வைத்தியசாலைகளிலே போதவில்லை என்று குறைகூறுவது எளிது. தாதியர் பயிற்சிக்கு உயர்தர விஞ்ஞானப் பிரிவிலே தேற வேண்டும். நம் தோட்டப் பாடசாலைகளிலே அப்பிரிவு உள்ளவை எத்தனை? உள்ள இடத்திலே நம் பெண்பிள்ளைகளைச் சேர்க்கிறோமா, தைத்த உடுப்புக் கம்பனிக்கு அனுப்புகிறோமா? பெற்றோரை நாம் கடிந்து பேசவில்லை. சம்பளத்தின் நிலை நமக்கும் தெரியும். இருந்தாலும் இந்த மன்றம் இரண்டு பிள்ளைகளின் டியூஷன் செலவையாவது ஏற்குமானால், ஆறேழு ஆண்டில் ஒரு வாட்டிலே தமிழ்க்குரல் கேட்கும்.

அதுவரைக்கும் வீட்டிலே செய்யக்கூடியதைச் சொல்லுகிறோம். சளியும் இருமலுமுள்ள பிள்ளை அழாமல் அமைதியாயிருக்கும்போது, சட்டையை உயர்த்தி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒரு வயது முதல் ஐந்து வரை 40. இவ்வெண்ணோ அதற்கு மேலோ வந்தால் பிள்ளையை உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். மூச்சிழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பக்கம் உள்ளே குழிந்தால், பாலோ தண்ணீரோ குடிக்க முடியாவிட்டால், வலிப்பு வந்தால், எழுப்பியும் எழாவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கொழுந்து லொறிக்கும் காத்திருக்க வேண்டாம்.

1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். 2016-இல் மேல், தென் மாகாணங்களிலே தொடங்கிய இந்தச் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இப்போது நமது மாவட்டத்திலும் உண்டு, காசு வாங்குவதில்லை, தமிழிலே பேசலாம். லயத்துக்கு வீதிப் பெயரும் வீட்டிலக்கமும் இல்லாதபடியால், தோட்டத்தின் பெயர், எந்த டிவிஷன், பெரிய பாதையிலிருந்து எந்தச் சந்தியிலே திரும்ப வேண்டும் என்ற மூன்றையும் தெளிவாய்ச் சொல்லுங்கள். சொன்ன கையோடு, டோர்ச் லைற்றுடன் ஓர் இளைஞனை அந்தச் சந்திக்கு அனுப்பி நிற்கவையுங்கள்.