வலைக்கு விலை கேட்ட வணிகர்



இந்த அறக்கட்டளையை எழுதி வைத்தவர் ஒரு வணிகர். கல்லாவில் உட்கார்ந்து ஈட்டியதில் ஒரு பங்கைப் பொதுக் காரியத்துக்கு ஒதுக்கியவர். அதனால் இந்த ஆண்டுப் பேச்சுக்கு ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டேன். தொழில் செய்கிறவர்களும் ஊர்ப் பெரியவர்களும் ஒரு பொதுப்பணி அமைப்பின் குழுவில் வந்து உட்காரும்போது, பணத்தைத் தவிர வேறென்ன கொண்டுவருகிறார்கள்? பதிலை நம் ஊரிலேயே தேடியிருக்கலாம். ஆனால் உள்ளூர் ஆளைச் சொன்னால் இந்த அவையில் பாதிப் பேருக்கு அவரைத் தெரிந்திருக்கும். பேச்சு முடிவதற்குள் கட்சி பிரிந்துவிடும். வட அட்லாண்டிக் கடலுக்குப் போனால் அந்தத் தொல்லை இல்லை. எனவே ஐஸ்லாந்தில் வோட்கா விற்ற ஒருவரையும் சால்மன் என்ற மீனையும் பற்றிப் பேசப்போகிறேன்.

அட்லாண்டிக் சால்மன் ஆற்றில் பிறக்கும். குளிர்ந்த, ஓட்டமுள்ள நீரில் தாய்மீன் கூழாங்கல் படுகையை வாலால் பறித்து, முட்டையிட்டு, மூடிவிடும். குஞ்சு சில ஆண்டுகள் ஆற்றிலேயே கிடந்து வளரும். பிறகு உடம்பு வெள்ளி நிறமாகி, உப்புநீருக்குப் பழகி, கடலில் இறங்கும். அங்கே ஓராண்டோ இரண்டு மூன்று ஆண்டோ மேய்ந்துவிட்டுப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். மேயும் இடத்தில்தான் சிக்கல். கனடாவில் பிறந்ததும் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பிறந்ததும் ஸ்காட்லாந்தில், அயர்லாந்தில் பிறந்ததும் மேற்குக் கிரீன்லாந்துக் கடலில் ஒன்றாகக் கூடுகின்றன. ஐரோப்பிய மீன்களில் இன்னொரு கூட்டம் ஃபாரோ தீவுகளுக்கு வடக்கே மேய்கிறது. அங்கே வலை போடுகிறவருக்கு எந்த மீன் எந்த ஆற்றுப் பிள்ளை என்று தெரிய வழியில்லை. ஆயிரக்கணக்கில் மீன் ஏறும் ஆற்றிலிருந்து வந்ததும், சில டஜன் மீன்களே மிஞ்சிய ஆற்றிலிருந்து வந்ததும் ஒரே வலையில் ஏறும்.

நமக்கு இது முற்றிலும் அந்நியமான கதையும் இல்லை. உல்லம் மீன் கடலிலிருந்து காவிரியில் ஏறி முட்டையிட்டது. 1934-இல் மேட்டூர் அணை எழுந்த பிறகு அந்த ஏற்றம் சுருங்கிப்போனது. அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

சால்மன் கூடும் அந்த மேய்ச்சல் கடல் வெகுகாலம் யார் கண்ணிலும் படவில்லை. 1960களில் கண்டுகொண்டார்கள். டென்மார்க், நார்வே, ஃபாரோ கப்பல்கள் கிரீன்லாந்துக்கு மேற்கே மிதப்பு வலைகளோடு வந்து சேர்ந்தன. 1971-இல் அந்தக் கடலில் பிடிபட்டது 2,600 டன்னுக்கு மேல். அமெரிக்கத் தூண்டில்காரர்கள் கொதித்தார்கள். பாடகர் பிங் கிராஸ்பி, பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸ் போன்ற பிரபலங்கள் குரல் கொடுத்தார்கள். சால்மன் பாதுகாப்பைக் குலைக்கும் நாட்டின் மீனை இறக்குமதி செய்யத் தடை விதிக்கலாம் என்று அமெரிக்கக் காங்கிரஸ் 1971-இல் சட்டத்தைத் திருத்தியது. டென்மார்க் இறங்கிவந்தது. 1976-க்குள் வெளிநாட்டுக் கப்பல்கள் அங்கிருந்து விலகின.

ஆனால் கிரீன்லாந்துக்காரர் தம் கரையோரம் சிறு படகில் பிடிப்பது தொடர்ந்தது. அவர்களுக்கு ஆண்டுக்கு 1,190 டன் என்று ஒதுக்கீடு. ஃபாரோவில் ஆயிரங்கால் தூண்டில் போட்டுப் பிடித்தது 1981-இல் ஆயிரம் டன்னைத் தொட்டது. 1983-இல் ஒரு பன்னாட்டு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி எடின்பரோவில் அலுவலகத்தோடு வட அட்லாண்டிக் சால்மன் பாதுகாப்பு அமைப்பு உருவானது. ஆண்டுதோறும் நாடுகள் கூடும்; அறிவியலார் அறிக்கை வைப்பார்கள்; ஒதுக்கீடு குறையும்; குறைந்த ஒதுக்கீட்டைக்கூட எட்டிப் பிடிக்க மீன் இருக்காது. கடலில் இல்லாத மீனைக் காகிதத்தில் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

இந்த இடத்தில்தான் ஓரி விக்ஃபூசன் வருகிறார். 1942-இல் ஐஸ்லாந்தின் வடகரையில் சிக்லுஃப்யோர்துர் என்ற ஊரில் பிறந்தவர். ஹெர்ரிங் மீனால் செழித்த ஊர் அது. கோடையில் துறைமுகம் நிறையப் படகுகள், கரை நிறைய மீனைச் சுத்தம் செய்து உப்பிடும் பெண்கள், பீப்பாய்கள். 1960களின் கடைசியில் அந்த ஹெர்ரிங் கூட்டம் அளவுமீறிப் பிடிக்கப்பட்டு அற்றுப்போக, ஊரும் சரிந்தது. மீன் தீர்ந்துபோகும் என்பதைப் பிறந்த ஊரிலேயே கண்ட ஒருவருக்கு அறிவியல் அறிக்கை தேவைப்பட்டிருக்காது. லண்டன் பொருளாதாரப் பள்ளியில் படித்து, ஊர் திரும்பி, தொழில் தொடங்கி, 'ஐசி' என்ற பெயரில் வோட்கா விற்றார். கோடை வந்தால் லாக்ஸா ஆற்றில் தூண்டில் போடுவார்.

அந்த லாக்ஸா பள்ளத்தாக்குக்கு ஒரு பழைய கதை உண்டு. மின்நிலையத்தைப் பெரிதாக்கும் திட்டத்தை எதிர்த்து 1970 ஆகஸ்டில் அங்கிருந்த விவசாயிகள் ஒன்றுகூடி ஓர் அணையையே டைனமைட் வைத்துத் தகர்த்தார்கள். நான்கு ஆண்டுகளில் அந்த ஆற்றுக்கும் மீவட்ன் ஏரிக்கும் தனிப் பாதுகாப்புச் சட்டமே வந்தது. அதே ஆற்றங்கரையிலிருந்து, இருபது ஆண்டுகள் கழித்து, இன்னொருவர் காசோலைப் புத்தகத்தோடு கிளம்பினார்.

அவருக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று பார்க்க, ஐஸ்லாந்தின் ஆற்று வழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே கடலில் சால்மன் பிடிக்கச் சட்டம் வெகுகாலமாகவே இடம் தருவதில்லை. ஆற்றில் மீன்பிடி உரிமை கரை நிலத்தின் சொந்தக்காரருக்கு. கரை விவசாயிகள் சங்கமாகக் கூடி, ஒரு நாளைக்கு இத்தனை தூண்டில் என்று வரையறுத்து, ஆற்றை வாடகைக்கு விடுகிறார்கள். பல பண்ணைகளுக்கு ஆட்டு வருமானத்தோடு ஆற்று வருமானமும் சேர்ந்தால்தான் ஆண்டு ஓடும். வலையில் வந்த மீன் கிலோக் கணக்கில் விற்கும். தூண்டிலில் வரும் மீனுக்காக ஒருவர் விமானச் சீட்டு, தங்குமிடம், வழிகாட்டி, ஆற்று வாடகை எல்லாம் கொடுத்துவிட்டு, பிடித்த மீனைப் பல இடங்களில் திரும்ப நீரில் விட்டுவிட்டும் போகிறார். அப்படியானால் கடலில் வலை போடுகிறவர் இழக்கும் தொகையைவிட, ஆற்றங்கரையில் இருப்பவர் அடையும் தொகை பெரிது. இடையில் ஒரு பேரத்துக்கு இடம் இருக்கிறது என்பது வணிகருக்கு உடனே தெரிந்துவிடும்.

1989-இல் வட அட்லாண்டிக் சால்மன் நிதியத்தைத் தொடங்கினார். தூண்டில் சங்கங்கள், ஆற்றங்கரை நிலக்காரர்கள், நிறுவனத் தலைவர்கள், செல்வர்கள் என்று பலரிடம் பணம் திரட்டினார். இந்த உலகத்தில் பணம் திரட்டுவது விருந்து வைத்துத்தான். நல்ல ஆற்றில் ஒரு வாரம் தூண்டில் போடும் உரிமையை விருந்து நடுவில் ஏலம் விடுவார்கள். விருந்தில் மீன் பரிமாறுவார்களா என்று யாரும் கேட்க வேண்டாம்.

1991-இல் ஃபாரோ படகுக்காரர்களோடு உடன்பாடு கண்டார். அவர்களுக்குச் சட்டப்படி ஒதுக்கீடு இருந்தது. அதைப் பயன்படுத்தாமல் இருப்பதற்கு ஆண்டுதோறும் ஈடு. 1993, 1994 இரண்டு ஆண்டுகளும் கிரீன்லாந்தில் வணிக மீன்பிடிப்பு இதே வழியில் நின்றது; வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிடிப்பதை மட்டும் விட்டுவைத்தார்கள். பணத்தோடு மாற்றுத் தொழிலுக்கும் வழி தேடினார்கள். லம்ப்ஃபிஷ் என்ற கடல்மீனின் முட்டையைப் பதப்படுத்தி விற்பது அதில் ஒன்று. 2003-இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் மிதப்பு வலை உரிமம் வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் தொகை வாங்கிக்கொண்டு விலகினார்கள். மொத்தம் 30 லட்சம் பவுண்டுக்கு மேல். அதில் பிரிட்டிஷ் அரசும் 12.5 லட்சம் போட்டது. 2007-இல் அயர்லாந்து அரசு மிதப்பு வலையைத் தடைசெய்து, மீனவர்களுக்கும் கரையோர ஊர்களுக்கும் சுமார் 3 கோடி யூரோ ஒதுக்கியது. அதே ஆண்டு ஓரிக்குக் கோல்ட்மன் சுற்றுச்சூழல் பரிசு கிடைத்தது.

என் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்கச் சட்டம் மிரட்டியது. அது டென்மார்க் அரசிடம் பலித்தது. சொந்தக் கரையில் பிடிக்கும் கிரீன்லாந்து மீனவரை எதைக் காட்டி மிரட்டுவது? மீன் அழிகிறதே என்று அவரிடம் உபதேசம் செய்தவர்களும் உண்டு. ஆறுகளை அணை கட்டி, ஆலைக் கழிவு விட்டுக் கெடுத்த நாடுகளிலிருந்து வந்த உபதேசம் அது. ஓரி கேட்டது வேறு: உமக்கு என்ன வேண்டும்? அந்தக் கேள்விக்குள்ளே, அந்த மீனில் எதிரே இருப்பவருக்கு உரிமை உண்டு என்ற ஒப்புதல் இருக்கிறது. குற்றவாளியாகப் பார்த்தவர்களோடு பேச மறுத்த மீனவர்கள், விற்பவராக மதித்த ஒருவரோடு மேசையில் உட்கார்ந்தார்கள். வணிகர் குழுவுக்குக் கொண்டுவரும் பெரிய சரக்கு இந்தப் பழக்கம்தான் என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதைச் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சு பாராட்டு மடலாகிவிடும். தூண்டில் போடுகிறவர் பணக்காரர், வலை போடுகிறவர் ஏழை. ஏழையின் வலையைப் பணக்காரரின் பொழுதுபோக்குக்காக விலைக்கு வாங்குவதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்கலாமா? அயர்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் தலைமுறை தலைமுறையாக வந்த ஒரு கைத்தொழில் அதோடு முடிந்தது. தொகை அந்தத் தலைமுறைக்குக் கிடைத்தது. அடுத்த தலைமுறைக்குப் படகும் இல்லை, தொகையும் இல்லை. பேரம் நேர்மையாக நடந்தது என்பதை ஏற்கிறேன். ஆனால் நிதியம் நடத்தும் குழுவில் வலைக்காரர் தரப்பு ஆள் உட்காராதவரை, எதை எவ்வளவுக்கு வாங்குவது என்ற முடிவு ஒரு பக்கத்து முடிவுதான்.

பாதிக்கப்பட்ட தரப்பும் மேசையில் உட்கார்ந்த இடம் ஒன்று உண்டு. மெய்ன் மாநிலத்தின் பெனாப்ஸ்காட் ஆறு. 1912 தொடங்கி, பாங்கோர் நகரில் அந்தந்த ஆண்டு பிடிபடும் முதல் சால்மனை அமெரிக்க அதிபருக்கு அனுப்பி வைப்பார்கள். முதலில் பெற்றவர் டாஃப்ட். 1992-இல் மூத்த புஷ்ஷோடு அந்த வழக்கம் நின்றது. அனுப்ப மீன் வேண்டுமே. ஆற்றை மறித்து நின்றவை மின் அணைகள். அங்கே பெனாப்ஸ்காட் பழங்குடியினர், இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் சில, மாநில அரசு, நடுவண் அரசு, அணைகளின் சொந்தக்காரரான பிபிஎல் நிறுவனம் எல்லோரும் சேர்ந்து 2004-இல் ஓர் உடன்பாடு கண்டார்கள். அதை நிறைவேற்ற ஓர் அறக்கட்டளை அமைத்து, 2010-இல் மூன்று அணைகளைச் சுமார் 2.4 கோடி டாலருக்கு வாங்கினார்கள். கிரேட் ஒர்க்ஸ் அணை 2012-இலும் வீஸி அணை 2013-இலும் இடிக்கப்பட்டன. மூன்றாவது அணையைச் சுற்றி மீன் ஏற வாய்க்கால் வெட்டினார்கள். நிறுவனத்துக்கு நட்டம் வராதபடி மற்ற அணைகளில் மின் உற்பத்தியைக் கூட்டிக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள். இந்தக் கடைசிக் கணக்குத்தான் எனக்குப் பிடித்தது. இழப்பதையும் பெறுவதையும் ஒரே தாளில் எழுதியவர் யாரோ, அவருக்கு வியாபாரம் தெரியும். அந்த ஆற்றில் உரிமை கேட்டு நெடுங்காலம் போராடிய பழங்குடியினர் மேசையில் பங்காளியாக இருந்தார்கள் என்பது அதைவிட முக்கியம்.

அணை போனதும் ஆற்று ஹெர்ரிங் பத்து லட்சக்கணக்கில் ஏறத் தொடங்கியது. சால்மன் மட்டும் இன்னும் ஆயிரத்தைச் சுற்றியே நிற்கிறது. அதிலும் பெரும்பாலானவை பொரிப்பகத்தில் வளர்த்து விடப்பட்டவை. காரணம் கடலில் இருக்கிறது. ஆற்றிலிருந்து இறங்கும் இளமீன்களில் திரும்பி வருபவை முன்னைவிட மிகவும் குறைவு. சூடேறும் கடலில் இரை இடம்பெயர்கிறது என்பது ஒரு விளக்கம். வலையை வாங்கலாம், அணையை வாங்கலாம். கடலின் வெப்பத்தை விற்க ஆளில்லை. கிரீன்லாந்துப் பேரமும் ஒருமுறை பேசி முடிப்பதாக இல்லை. காலாவதியாகும், மீன்பிடிப்பு திரும்பும், மறுபடி பேச வேண்டும். ஓரி 2017-இல் இறந்தார். மறு ஆண்டு அவருடைய நிதியமும் கனடாவைத் தளமாகக் கொண்ட அட்லாண்டிக் சால்மன் சம்மேளனமும் கிரீன்லாந்து மீனவர் சங்கத்தோடு 12 ஆண்டு ஒப்பந்தம் ஒன்றில் மறுபடி கையெழுத்திட்டன.

இன்று ஐஸ்லாந்தில் அந்த நிதியத்துக்கு முன்னால் நிற்பது வேறு எதிராளி. மேற்கு, கிழக்குக் குடாக்களில் கூண்டு கட்டி வளர்க்கும் சால்மன் பண்ணைகள். அங்கே வளர்ப்பது நார்வே வழி மீன். 2023 ஆகஸ்டில் மேற்குக் குடா ஒன்றில் கூண்டு கிழிந்து ஆயிரக்கணக்கில் தப்பிய மீன்கள் காட்டு ஆறுகளில் ஏறின. உள்ளூர் மீனோடு கலந்து இனப்பெருக்கம் செய்யும் என்ற அச்சத்தில், ஈட்டித் துப்பாக்கியோடு நார்வேயிலிருந்து முக்குளிப்பவர்களை வரவழைத்து அவற்றைத் தேடிப் பிடித்தார்கள். அக்டோபரில் விவசாயிகளும் தூண்டில்காரர்களும் ரெய்க்யாவிக்கில் நாடாளுமன்றத்தின் முன் திரண்டார்கள்.

இந்த உரிமங்களையும் விலை கொடுத்து வாங்கிவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். எனக்கு உடன்பாடில்லை. ஃபாரோ படகுக்காரரும் அயர்லாந்து வலைக்காரரும் உழைத்துப் பிழைத்த தொழிலை விட்டுக்கொடுத்தார்கள்; அதற்கு விலை உண்டு. நார்வேயில் ஏலத்தில் பெருந்தொகைக்குப் போகும் பண்ணை உரிமம் ஐஸ்லாந்தில் தொடக்கத்தில் மிகச் சொற்பக் கட்டணத்துக்குக் கிடைத்தது. பொதுக் கடலை நேற்று மலிவாக வாங்கியவருக்கு, அதே பொதுமக்கள் இன்று முழுவிலை கொடுத்து மீட்பது பேரமாகாது. அதற்குச் சட்டம்தான் வழி. நிதியமும் இப்போது அதைத்தான் கேட்கிறது: திறந்த கூண்டுகளுக்குத் தடை. இந்தக் கோரிக்கை வரும்போது, குழுவில் உட்கார்ந்திருக்கும் நிறுவனத் தலைவர்களில் எத்தனை பேர் இன்னொரு நிறுவனத்தின் உரிமத்தை ரத்துசெய்யச் சொல்லிக் கையெழுத்திடுவார்கள் என்பதை, அவர்களைக் குழுவில் சேர்க்கும் நாளிலேயே கேட்டுவிட வேண்டும்.