துணிக்கட்டின் மேல் ஒரு படம்



எங்கள் சேவூர் அவிநாசி வட்டத்தைச் சேர்ந்தது, திருப்பூருக்கு அண்மையது. பின்னலாடைக்குப் பெயர்பெற்ற இப்பகுதியில் பனியன் பெட்டியைக் காணாதவர் இலர். ஆயினும் பெட்டியின் மேலுள்ள படத்தை நின்று பார்ப்பவர் மிகச் சிலரே. அப்படத்தின் முன்னோர்களைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

மிகப் பழைய சான்று சீனத்தில் கிடைத்துள்ளது. சுங் பேரரசுக் காலத்தில் ஜினான் நகரில் லியூ குடும்பத்தார் ஊசிக்கடை நடத்தினர். அவர்கள் விளம்பரம் அச்சிட்ட வெண்கலத் தகடு இன்றும் பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு சாண் அகலங்கூட இல்லாத தகடு. நடுவே வெண்முயல் ஒன்று. கடைவாசலில் உள்ள வெண்முயலை அடையாளமாகக் கொள்ளுமாறு அருகில் எழுதியிருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் துணி வாணிகம் இவ்வழியிலேயே சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் லங்காஷயர் ஆலைத் துணிகள் கப்பல் கப்பலாக வந்திறங்கின. துணியின் மடிப்பின்மேல் வண்ணச் சீட்டு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். திருமகள், கண்ணன், யானை, புலி என அதில் எத்தனையோ உருவங்கள்! துணியின் நீளத்தை அதன்மீதே முத்திரையிட வேண்டும் என 1889ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஆனால் முத்திரையைப் படிப்பவர் யார்? 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஐந்தாறு பேரே. ஏனையோருக்குப் படமே எழுத்து. யானைத் துணி வேண்டும் என்று கேட்டு வாங்கினால் போதும். அதனாலேயே ஒருவர் படத்தை மற்றொருவர் போலி செய்வதும், அதன்பொருட்டு வழக்காடுவதும் நிகழ்ந்தன. மான்செஸ்டரில் துணிச் சின்னங்களைப் பதிவுசெய்யத் தனி அலுவலகமே இருந்தது. நம் நாட்டில் வணிகச் சின்னப் பதிவுச் சட்டம் 1940இல்தான் வந்தது.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். படம் சரக்கின் அடையாளத்தைச் சொன்னது. அதன் பிறப்பிடத்தைச் சொல்லவில்லை. அயல்நாட்டுத் துணி நம் தெய்வத்தின் முகத்தோடு நம் வீட்டுக்குள் வந்தது. 1905இலும் 1921இலும் அந்நியத் துணியைத் தீயிலிட்ட நம் மக்கள் போராடியது இந்த முகத்தோடுந்தான் என்பது என் கருத்து.

ஷாங்காய் நகரிலும் இதே கதைதான். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அங்குள்ள அயல்நாட்டுப் புகையிலை நிறுவனங்கள் முதலில் மேலைநாட்டுப் படங்களைக் கொடுத்தன, அவை எடுபடவில்லை. பின்னரே செங் மாந்துவோ போன்ற சீன ஓவியர்களை நாடினர். கரித்தூளைத் தேய்த்து நிழல் காட்டி, அதன்மேல் நீர்வண்ணம் பூசுவது அவர் முறை. அப்படங்கள் நாட்காட்டியோடு புத்தாண்டுப் பரிசாக வீடு புகுந்தன.

கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவை (1898–1976) இங்கு நினையாதிருக்க முடியவில்லை. நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை வரைந்தவர் அவர். அவருடைய தெய்வங்களுக்குப் பின்னே விரியும் மலையும் நீர்நிலையும் எனக்கு நாடக மேடையையே நினைவூட்டுகின்றன. சிவகாசியில் அச்சான அப்படங்களின் கீழே கடைக்காரர் தம் பெயரைப் பொறித்துக்கொண்டார். ஆண்டு முடிந்ததும் தேதித்தாள் போயிற்று. படமோ சட்டமிடப்பட்டுப் பூசையறைக்குச் சென்றது.

கொண்டையராஜுவின் பெயரை நாம் அறிவோம். பழைய துணிச் சீட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். ஏற்றுமதி செய்தவர் பெயர் இருக்கும்; எண் இருக்கும். அந்த யானையை வரைந்தவர் பெயர் இராது.