வாய்க்குள் ஒரு செராமிக்
(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளரான பல் மருத்துவர் ஆற்றிய உரை)



உங்களில் பலர் செராமிக் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்கள். கிளேஸ் பற்றி உங்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பல்லின் மேலுள்ள எனாமலும் ஒரு கிளேஸ்தான் என்று நினைத்திருந்தால், அது பாதிதான் சரி.

நீங்கள் பொம்மைக்குப் பூசும் கிளேஸ் சூளையில் உருகிக் கண்ணாடியாகிறது. அதில் விரிசல் விழுந்தால் தடையில்லாமல் ஓடும். எனாமல் கண்ணாடி அல்ல. எடையில் சுமார் 96 சதவீதம் ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் படிகம். மீதி தண்ணீரும் கொஞ்சம் புரதமும். சூளையே இல்லாமல் உடம்பு இதை 37 டிகிரியில் செய்துவிடுகிறது! நுண்படிகங்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, தலைமுடியைவிட மிக மெல்லிய தண்டுகளாகின்றன. உள்பக்கத்தில் இந்தத் தண்டுகள் பாய் பின்னியதுபோல் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. விரிசல் அங்கே வந்தால் திசைமாறித் திசைமாறி வேகம் இழந்துவிடும். அடியிலுள்ள டென்டின் சற்று மென்மையானது. அழுத்தத்தை அது தாங்கிக்கொள்ளும். இத்தனை வருடம் முறுக்கு கடித்தும் பல் உடையாததற்கு இதுதான் காரணம்.

கடினம் என்று பார்த்தால் மோஸ் அளவில் எனாமல் சுமார் 5. மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. செங்கல் பொடியில் பல் தேய்த்தால் எது எதைத் தேய்க்கும் என்று உங்களுக்கே தெரியும். "எங்க தாத்தா அதிலேதான் தேய்த்தார்" என்பீர்கள். தாத்தா கோலா குடிக்கவில்லையே!

அமிலம்தான் எனாமலின் பெரிய எதிரி. வாயில் பிஎச் சுமார் 5.5-க்குக் கீழே போனால் படிகத்திலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். கோலாவும் எலுமிச்சைச் சாறும் 2, 3 என்ற அளவில் இருப்பவை. இனிப்பு தின்றால் வாயிலுள்ள பாக்டீரியாவே அமிலம் தயாரித்துவிடும். கரைந்ததில் ஒரு பகுதியை உமிழ்நீர் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். அதற்கு நேரம் வேண்டும். ஆகவே புளிப்பான பானம் குடித்த கையோடு பிரஷ்ஷை எடுக்காதீர்கள். தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரமாவது பொறுங்கள். குழி விழுந்தபின் உமிழ்நீராலும் முடியாது. எனாமலைக் கட்டிய செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன.

பேஸ்ட்டில் ஃபுளோரைடு எதற்கு? அது படிகத்துக்குள் புகுந்து, பிஎச் சுமார் 4.5 வரை தாக்குப்பிடிக்கும்படி ஆக்குகிறது. அதிகமானால் வேறு கதை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. பல் உருவாகும் வயதில் அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழுந்தன. 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே வந்தது. உங்கள் வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் அரிசி அளவு பேஸ்ட், ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும். விழுங்காமல் துப்பப் பழக்குங்கள்.

கடைசியாக, செராமிக் உறை போட்டுக்கொண்டவர்களுக்கு. கடி சரியாக அமைய டாக்டர் அதை உராய்ந்து சரிசெய்திருந்தால், மறுபடி பாலிஷ் செய்யச் சொல்லிக் கேளுங்கள். சொரசொரப்பான செராமிக் எதிர்ப்பல்லின் எனாமலை அரைத்துவிடும்.