குளியலறையில் ஒரு பொத்தான் பலகை

தென்னாட்டில் பிறந்து வளர்ந்த நமக்கு வெந்நீர் என்பது காய்ச்சல் கண்டவருக்கும், எண்ணெய் தேய்த்துக்கொண்டவருக்கும் தேவைப்படும் ஒன்று, அவ்வளவே. ஆனால் பிழைப்பின் பொருட்டு வடக்கே குடியேறிவிட்டால், மார்கழி, தை மாதங்களில் அதுவே அன்றாட அவசியமாகிவிடுகிறது. தில்லியில் ஜனவரி மாத விடியற்காலையில் வெப்பம் 4, 5 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்த வேளையில் குழாயைத் திறந்து கையை நீட்டியவர்களுக்கு நாம் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

தந்தையார் காலமான பின்னர் எங்கள் அன்னையார் மாயவரத்திலிருந்து எங்களோடு வந்து தங்கலானார். வயது 78. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, நீராடி, விளக்கேற்றும் பழக்கம் அவருக்கு அறுபது ஆண்டுப் பழக்கம். அதைத் தில்லிக் குளிர் மாற்றவில்லை. நாங்களும் மாற்ற முயலவில்லை. ஆனால் எங்கள் வாடகை வீட்டில் கீசருக்குரிய சுவிட்ச் கதவுக்கு மேலே, ஆறடி உயரத்தில் இருந்தது. அன்னையாரோ உயரம் குறைந்தவர். பிறரை எழுப்ப மனம் இல்லாமல், மணைப்பலகையைப் போட்டு அதன் மேல் ஏறித்தான் அந்தச் சுவிட்சைத் தட்டி வந்திருக்கிறார். எங்களுக்கு அது தெரிந்தது, ஒரு நாள் மணை வழுக்கி, அவர் கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்த பிறகுதான். ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரத்தில் நாங்கள் செய்த ஏற்பாட்டைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம்.

கீபேட் என்று கடைகளில் விற்கும் ஒரு பொருள் உண்டு. உள்ளங்கை அகலமுள்ள ஒரு சிறு பலகை. அதில் நான்கு பொத்தான்கள். அலுவலகத்தில் நாள் முழுதும் சொற்களோடு மல்லாடுகிற தொழில் எங்களுடையது ஆதலால், அதற்குப் ‘பொத்தான் பலகை’ என்று பெயரிட்டோம். இந்தப் பலகைக்குள் வீட்டு மின்சாரம் செல்வதே இல்லை. ரூபாய் நாணயம் போன்ற 3 வோல்ட் பாட்டரி ஒன்றுதான் அதன் உயிர். பொத்தானை அழுத்தினால் அது வானொலி அலையாக ஒரு செய்தியை அனுப்பும். கூடத்தில் இருக்கும் ஹப் எனப்படும் சிறு பெட்டி அதனைப் பெற்று, கீசரின் இணைப்பில் பொருத்தியுள்ள ரிலேக்கு ஆணையிடும். அந்த ரிலேதான் உண்மையான சுவிட்ச். ஈரக் கையோடு பலகையைத் தொட்டாலும் அபாயம் இல்லை என்பதும், சுவரை உடைக்காமல் ஒட்டுநாடாவால் ஒட்டிக்கொள்ளலாம் என்பதும் இதன் பெருஞ்சிறப்புகள். வாடகை வீட்டில் இருப்பவர்களும், மூன்றாண்டுக்கு ஒரு முறை மாற்றல் உத்தரவை எதிர்பார்த்திருப்பவர்களும் இரண்டாவது சிறப்பின் அருமையை உணர்வார்கள்.

இவை பேசிக்கொள்ளும் மொழிகள் பலவாக இருக்கின்றன. தேனீக்கள் தம் கூட்டில் ஆடும் நடனத்தை ஒட்டிப் பெயர் பெற்ற ‘ஜிக்பீ’ ஒன்று, வைஃபை மற்றொன்று, வெவ்வேறு கம்பெனிப் பொருள்களும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளும் பொருட்டு 2022-ஆம் ஆண்டு வெளியான ‘மேட்டர்’ என்பது இன்னொன்று. எதை வாங்கினாலும் ஒரு கேள்வியைக் கடைக்காரரிடம் கேட்டுவிட வேண்டும்: இணையம் நின்றுபோனால் பொத்தான் வேலை செய்யுமா? சில வகைகளில், குளியலறைக்கும் கூடத்துக்கும் இடையே செல்ல வேண்டிய செய்தி கடல் கடந்து எங்கோ உள்ள கணினிக்குச் சென்று திரும்புகிறது. வெந்நீர் வைக்க அத்தனை தூரப் பயணம் எதற்கு? வீட்டிற்குள்ளேயே முடிவெடுக்கும் ஹப் உள்ளதையே நாங்கள் தேர்ந்தெடுத்தோம்.

இனி, இப்பேச்சின் முக்கியமான பகுதிக்கு வருகிறோம். பலகையும் ஹப்பும் அலங்காரமான பொருள்கள். கவனம் அவற்றிலேயே சென்றுவிடுவது இயல்பு. எங்களுக்கும் அப்படித்தான். பகீரத் பேலஸ் கடைவீதியில் ஒரு சனிக்கிழமை முழுவதும் அலைந்து வாங்கி வந்து, பொருத்துவதற்காகக் கீசரின் பிளக்கைக் கழற்றியபோதுதான், அந்தச் சாக்கெட்டில் எர்த் கம்பியே இணைக்கப்படவில்லை என்பது தெரிந்தது. மூன்றாவது துளை பார்வைக்கு இருந்தது. அதன் பின்னால் ஒன்றும் இல்லை. வீட்டுக்காரரின் சம்மதம் பெற்று எர்த் இழுத்தோம். மீட்டர்ப் பலகையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் வைத்தோம். எல்லாம் முடிந்து கீசரைப் போட்டால், ஆர்.சி.சி.பி. ‘டப்’ என்று விழுந்தது. தூக்கிவிட்டால் மறுபடியும் விழுந்தது.

வந்திருந்த மின்பணியாளர் சிறிதும் தயங்காமல் ஒரு தீர்வு கூறினார். அந்தக் கருவியை விலக்கிவிட்டுக் கம்பியை நேரே கொடுத்துவிடுவதாம். இத்தனை நாள் அது இல்லாமல்தானே ஓடியது என்று இந்தியில் எங்களைத் தேற்றவும் செய்தார். உண்மையைச் சொன்னால், நாங்கள் அநேகமாகத் தலையசைத்துவிட்டோம். இரவு எட்டு மணி ஆகிவிட்டது. மறுநாள் காலை அன்னையாருக்கு வெந்நீர் வேண்டும். அவரை அனுப்பிவிட்டு, அன்றிரவு அடுப்பில் அண்டாவை ஏற்றினோமே தவிர, அந்த யோசனைக்கு உடன்படவில்லை.

ஆர்.சி.சி.பி. செய்கிற வேலை ஒன்றே ஒன்று. வீட்டிற்குள் சென்ற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது ஓயாமல் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், வேறு எவ்வழியாகவோ போகிறது என்று பொருள். அந்த வழி ஒரு மனித உடலாகவும் இருக்கக்கூடும். உடனே, ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில், அது இணைப்பைத் துண்டித்துவிடும். சுமை மிகுந்தால் விழுகிற எம்.சி.பி. இக்காரியத்தைச் செய்யாது. இரண்டையும் ஒன்றென மயங்குபவர்கள் படித்தவர்களிலும் பலர்.

மறுநாள் வேறொருவர் மெகர் கருவியோடு வந்து சோதித்தார். கீசரின் சூடேற்றும் கம்பி உப்பு படிந்து, உறை வெடித்திருந்தது. ஆழ்துளைக் கிணற்று நீர் வருகிற பகுதிகளில் இது சாதாரணமாக நிகழ்வது. அதாவது, தொட்டியின் உடம்பில் மின்சாரம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. எர்த் இல்லாத நாள்களில் அந்தக் கசிவு போவதற்கு வழியில்லை. எர்த் கொடுத்ததும் வழி கிடைத்தது, காவல் கருவியும் விழித்துக்கொண்டது. முந்தின நாள்களில் ஒரு விடியற்காலை, ஈரத் தரையில் நின்றபடி அன்னையார் உலோகக் குழாயைப் பற்றிய வேளையில் அவரே அந்த வழியாகியிருக்கலாம். இதை நாங்கள் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. கம்பியை மாற்றினோம், ஆர்.சி.சி.பி. நின்றது.

ஆகவே நேயர்களே, பொத்தான் பலகை வாங்குமுன் எர்த்தைப் பாருங்கள். ஆர்.சி.சி.பி. மீது ‘டெஸ்ட்’ என்றொரு பொத்தான் உண்டு; அதை அவ்வப்போது அழுத்தி, அது விழுகிறதா என்றும் பாருங்கள்.

ரிலேயின் அளவும் கருதத்தக்கது. 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்கும் விசிறிக்கும் என்று செய்த 6 ஆம்பியர் ரிலேயை அதற்கு மாட்டினால் உருகிவிடும். 16 ஆம்பியர் ரிலேயே தக்கது. பழைய இருமுனைச் சுவிட்சை எடுத்துவிடக் கூடாது. கீசரைப் பழுதுபார்க்கும்போது மின்சாரத்தை அறவே நிறுத்துவதற்கு அதுவே சாதனம்.

அடுத்தது நேரம். 15 லிட்டர் நீரை 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த 2,000 வாட் கீசருக்குச் சுமார் 24 நிமிடம் பிடிக்கும். ஆகவே பொத்தானை அழுத்தியதிலிருந்து 25 நிமிடத்தில் தானாக அணையுமாறு வைத்தோம். இக்கட்டளையை ஹப்பில் எழுதாமல் ரிலேயிலேயே எழுதி வைப்பது நலம். ஹப் செயலிழந்தாலும் ரிலே தன் கடமையை மறவாது. மின்தடை வந்து மீண்டும் மின்சாரம் வரும்போது ரிலே அணைந்த நிலையிலேயே இருக்க வேண்டும் என்பதையும் அமைப்பில் குறித்துவிட வேண்டும். இல்லையேல், ஊருக்குப் போய்விட்ட வீட்டில் கீசர் தானே எரியத் தொடங்கும்.

பொத்தான்களுக்குக் கட்டளை வகுத்தபோது ஒரு பிழை செய்தோம். ஒரு முறை அழுத்தினால் எரிவது, மறுமுறை அழுத்தினால் அணைவது என்று வைத்தோம். அன்னையார் ஒரு முறை அழுத்தினார். வேலை செய்ததோ இல்லையோ என்ற ஐயத்தில் மறுபடியும் அழுத்தினார். அரை மணி கழித்துக் குளிர்நீர் வந்தது. “என்னடா உன் மந்திரப் பலகை, வெந்நீர் கேட்டா பனிநீர் குடுக்கறதே?” என்றார். அன்றே மாற்றினோம். எத்தனை முறை அழுத்தினாலும் எரிவதே அப்பொத்தானின் வேலை. அணைப்பது நேரத்தின் பொறுப்பு. இரட்டை அழுத்தல், நீண்ட அழுத்தல் என்று நான்கு பொத்தானில் பன்னிரண்டு வேலை வாங்கலாம் என்று விற்பனையாளர்கள் பெருமை பேசுவார்கள். முதியவர் உள்ள வீட்டில் ஒரு பொத்தானுக்கு ஒரு வேலையே போதும்.

பொத்தான்களின் மீது தமிழில் எழுதி ஒட்டினோம். ‘வெந்நீர்’, ‘விளக்கு’ இரண்டிலும் சிக்கல் இல்லை. எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு நாங்கள் எழுதியது ‘காற்று வெளியேற்றி’. இருபதாண்டு மொழிபெயர்ப்பு அனுபவம் அதில் இருந்தது. அன்னையார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, “அது யாரு?” என்று கேட்டார். இப்பொழுது அங்கே ‘விசிறி’ என்றிருக்கிறது. அவ்விசிறி விளக்கோடு சேர்ந்து ஓடி, விளக்கு அணைந்த பின்னும் 15 நிமிடம் ஓடிவிட்டு நிற்கும். குளிருக்காக ஜன்னலை அடைத்துவிடுகிற வீடுகளில் சுவரில் பூசணம் பிடிக்காமல் இருக்க இது நல்ல உபாயம்.

விளக்கு விஷயத்தில் மற்றொரு படிப்பினை. ஆள் நடமாட்டத்தைக் கண்டு விளக்கேற்றும் உணர்கருவி ஒன்றையும் வைத்திருந்தோம். அசையும் உடற்சூட்டை மட்டுமே அது காணும். அசையாமல் அமர்ந்திருப்பவர் அதற்கு இல்லாதவரே. அன்னையார் முக்காலியில் அமர்ந்து, கண்ணை மூடிச் சுலோகம் சொல்லியபடி நீராடுகிறவர். மூன்றாம் நாள் நடுவிலேயே விளக்கணைந்து, உள்ளிருந்து குரல் கேட்டது. அந்தக் கருவியை இப்போது இரவு நேரத்து மங்கல் விளக்குக்கு மட்டும் வைத்திருக்கிறோம்.

நான்காவது பொத்தானுக்குக் கூடத்தில் மணி அடிக்கும் வேலை கொடுத்தோம். பிறகு யோசித்துப் பார்த்தால், விழுந்து கிடப்பவருக்கு நான்கடி உயரப் பொத்தானால் என்ன பயன்? தண்ணீர் புகாத ஒற்றைப் பொத்தான் ஒன்றைத் தனியே வாங்கி, தரையிலிருந்து ஓரடி உயரத்தில், முக்காலிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினோம். மணி அடித்தாலும் கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தால் என்ன செய்வது என்பது அதன் பின் எழுந்த கேள்வி. வெளியிலிருந்தும் நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடிய தாழ்ப்பாளுக்கு மாறினோம்.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு மொட்டைமாடியில் சூரிய வெந்நீர்த் தொட்டி இருக்கலாம்; மேகம் மூடிய நாளுக்கென அதில் உள்ள மின்கம்பிக்கும் இதே ஏற்பாடு பொருந்தும். கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்குப் பொத்தான் பலகையைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்வதற்கில்லை. காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் அது எரிந்தால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு சேர்ந்து, நீராடப் போனவர் திரும்பாத செய்திகளைக் குளிர்காலந்தோறும் பத்திரிகைகளில் காண்கிறோம். அக்கருவியைக் குளியலறைக்கு வெளியே மாற்றுவதே முதல் வேலை.

அன்னையாரின் மணிக்கட்டு கூடிவிட்டது. கோலம் போடும்போது மட்டும் சற்று வலிக்கிறது என்கிறார். மணைப்பலகை பூஜை அறைக்கே திரும்பிவிட்டது. பலகைகளில் உள்ள நாணயப் பாட்டரி ஓராண்டுக்கு மேலும் வரும் என்று அட்டையில் போட்டிருந்தாலும், குளிர் தொடங்குமுன் திருக்கார்த்திகையன்று மாற்றிவிடுவது என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். அகலுக்கு எண்ணெய், திரி, பொரி என்று பட்டியல் சொல்லும்போது, “அந்த நாலு பாட்டரியும் எழுதிக்கோ” என்று அவரே நினைவூட்டிவிடுகிறார்.