மொழிவழி நாளில் வீடிழந்த மொழி



காவிரியை நாமறிவோம். கல்லணையை அறிவோம், கழனியை அறிவோம், கதிர்முற்றித் தலைசாய்ந்த நெல்லை அறிவோம். அந்தக் காவிரி கண்விழிக்கும் குடகு மலையிலே வாழும் மக்கள் யார், அவர்தம் மொழி யாது என்று கேட்டால், நம்மில் எத்தனை பேர் விடை பகர்வோம்?

அவர்கள் கொடவர். அவர் பேசுவது கொடவத் தக்கு. தமிழும் கன்னடமும் மலையாளமும் துளுவும் தோன்றிய அதே திராவிடக் குடும்பத்து மொழி. அறுவடைத் திருநாளுக்கு அவர்கள் இட்ட பெயர் புத்தரி. புது அரிசி! முதற்கதிரை அறுக்கும் வேளையில் 'பொலி, பொலி' என்று முழங்குகிறார்கள். நம் உழவன் களத்துமேட்டிலே கூவும் அதே சொல்!

1834-ல் ஆலேரி மரபின் கடைசி மன்னன் சிக்க வீரராசேந்திரனை அரியணையினின்றும் இறக்கி, குடகைத் தன் உடைமையாக்கிற்று ஆங்கிலக் கம்பெனி. விடுதலைக்குப் பின்னர் குடகு தனி மாநிலமாயிற்று. 1952 தேர்தலில் 24 உறுப்பினர் கொண்ட சட்டமன்றம் அமைந்தது; சி. எம். பூனாச்சா முதலமைச்சரானார். சின்னஞ்சிறு வீடுதான், எனினும் சொந்த வீடல்லவா?

வந்தது 1956 நவம்பர் 1. மொழிவழி மாநிலங்கள் மலர்ந்த நாள்! அதே நாளில்தான் குடகு மைசூர் மாநிலத்தோடு இணைக்கப்பட்டது. ஆங்கே கன்னடம் பேசுவோரும் உண்டு, இணைப்பை வரவேற்றோரும் உண்டு. கன்னடத்தின்மீது பழி சுமத்த நான் வரவில்லை. 1994-ல் கொடவ மொழிக்கென அகாதமி கண்டதும் கருநாடக அரசுதான். நான் கேட்பது இதுதான்: மொழிக்கு மதிப்பளித்த அந்த நன்னாள், எண்ணிக்கையிற் சிறிய மொழிக்கு எதை அளித்தது?

அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் உள்ளன. கொடவ மொழி அதில் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி அதைப் பேசுவோர் 1,13,857 பேர். "இவ்வளவுதானே!" என்று ஏளனம் செய்வோர் உண்டு. தோழர்களே, எண்ணிக்கையைக் காட்டித்தானே இந்தியை நம் வாயிலிலே கொண்டுவந்து நிறுத்தினார்கள்? 1938-லும் 1965-லும், தலைகளை எண்ணி மொழியை எடைபோடாதே என்று முழங்கினோமே! நமக்கு ஆகாத தராசு கொடவருக்கு மட்டும் ஆகுமோ?

நாடகம் எழுதுபவன் என்ற உரிமையில் ஒன்று சொல்வேன். 1868-ல் பிறந்து 1944-ல் மறைந்த அப்பச்ச கவி, கொடவ மொழியிலே நான்கு நாடகங்கள் யாத்தார். அவற்றுள் ஒன்றின் நாயகி யார் தெரியுமா? காவேரி! நாம் பருகும் ஆற்றை அந்தச் சின்னஞ்சிறு மொழி மேடையேற்றிப் பேசவைத்தது. அந்த மொழியின் உரிமைக்காக ஒரு சொல் பேச நமக்கு வாயில்லையென்றால், நம் மொழிப்பற்று வெறும் தன்னலமே என்று நாளைய தலைமுறை நகைக்காதோ?

நீருக்கு நன்றி சொல்வோம். அந்நீர் பிறக்கும் மலையின் மொழிக்குத் துணை நிற்போம்!