வேண்டாம் என்று சொன்ன விடுதிக்காரர்



விடுமுறைக்குக் குழந்தைகளோடு தங்க ஏற்றது பெரிய ஓட்டலா, சிறிய விடுதியா? எதிரணித் தலைவி ஒரு பட்டியலே போட்டார். நீச்சல் குளம் உண்டா, விளையாட்டு அறை உண்டா, லிஃப்ட் உண்டா என்று கேட்டார். இல்லையம்மா! ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் தங்கியது நாலே அறை உள்ள விடுதி. என் பேரன் தும்மினால் பக்கத்து அறைக்காரர் 'நூறு ஆயுசு' என்பார். (சிரிப்பு)

போன தை மாதம் பழவேற்காடு போனோம். பொன்னேரி தாண்டிப் போக வேண்டும். நான், என் மனைவி, ஏழு வயதுப் பேரன், நாலு வயதுப் பேத்தி. நீச்சல் குளம் கேட்டீர்களே, சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அங்கே கிடக்கிறது! பேரன் பார்த்தான். "தாத்தா, படகு!" என்றான். நான் விடுதிக்காரரைக் கூப்பிட்டு, "எவ்வளவு ஆனாலும் சரி, ஒரு படகு சொல்லுங்க" என்றேன்.

"வேணாம் சார்."

"பணம் தர்றேங்க."

"பணத்துக்கு இல்ல சார். 2011-ல கிறிஸ்துமஸ் அன்னிக்கு இங்கதான் படகு கவிழ்ந்து 22 பேர் போயிட்டாங்க. எங்க வீட்ல தங்கற பிள்ளைங்கள நான் ஏத்தி அனுப்ப மாட்டேன்."

எனக்குக் கோபம். முனைவர் பட்டம் வாங்கியவனிடம் ஒருவர் 'வேண்டாம்' என்பதா? வீட்டில் முப்பது வருஷமாகக் கேட்கிறேன், அது வேறு. (சிரிப்பு) என் மனைவிதான் சொன்னாள்: "அவர் விடுதிக்காரர் மாதிரியா பேசறார்? எங்க அண்ணன் மாதிரி பேசறாருங்க."

நடுவர் அவர்களே, பெரிய ஓட்டலில் பணத்தை நீட்டினால் 'எஸ் சார்'. ஒருவர் சீட்டு எழுதுவார், ஒருவர் வண்டி அனுப்புவார், ஒருவர் ஏற்றிவிடுவார். குழந்தை யாருடைய பொறுப்பு? இங்கே சாவி கொடுத்தவரே முதலாளி, இறால் தொக்கு கிண்டியவர் அவர் சம்சாரம். எங்கள் பேத்திக்குக் காரம் ஆகாது என்று இரண்டாம் வேளைக்கே அந்த அம்மாவுக்குத் தெரியும். கொசு உண்டு, மறைக்கவில்லை. வெந்நீர் அடுப்பில் காய்ந்துதான் வரும்.

மறுநாள் அவரே பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போனார். 1613-இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய ஊர் அது. அவர்கள் கல்லறைத் தோட்ட வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. பேத்தி பார்த்துவிட்டு, "தாத்தா, இவங்க ஏன் சாப்பிடல?" என்றாள். (சிரிப்பு)

கரையில் நின்றே பூநாரை பார்த்தோம். தூரத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஒரு கோடு. வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் 'பாடு' என்ன என்று சொன்னார். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று அவர்களே முறை வைத்திருக்கிறார்கள். முறை இல்லாதவன் மீன் துள்ளினாலும் வலை இறக்கக் கூடாது. பேரன் யோசித்தான். "தாத்தா, நம்ம வீட்ல டி.வி. ரிமோட்டுக்கும் பாடு வைக்கலாமா?" (கைதட்டல்)

கிளம்பும்போது விடுதிக்காரரிடம் கேட்டான்: "மாமா, அடுத்த தடவை படகு?"

"நீச்சல் கத்துக்கிட்டு வா கண்ணு. மிதக்கற சட்டை போட்டுவிட்டு நானே கூட வர்றேன்."

இப்போது பேரன் நீச்சல் படிக்கிறான். எங்கே? எதிரணித் தலைவி சொன்ன மாதிரி ஒரு பெரிய ஓட்டல் குளத்தில்தான். (பலத்த சிரிப்பு) நடுவர் மணியடிக்கிறார்.